பட்டையை மாற்றலாம், கூட்டக் கூடாது

டாடா ஏஸ் 2005இல் வந்து 'குட்டியானை' என்று ஊரெல்லாம் பெயரெடுத்த பிறகு, சரக்கு வண்டி வீட்டு வாசலில் நிற்பது சாதாரணமாகிவிட்டது. ஓட்டுநரே முதலாளி, பல நாள் மெக்கானிக்கும் அவரே. லோடு ஏற்றி ஏற்றிப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டால், பட்டறைக் கூலியையும் ஒரு நாள் வாடகையையும் விட மனம் வராமல் வாசலிலேயே ஜாக்கி போட்டுவிடுகிறார்.

அதில் தப்பில்லை. காயில் ஸ்பிரிங்கோடு பார்த்தால் பட்டை சாது. காயிலை அமுக்கிப் பிடிக்கும் கருவி நழுவினால் ஆளையே அடித்துவிடும். அந்த வேலை பட்டறையோடு இருக்கட்டும். பட்டையிலும் வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேறு. அவற்றை ஒன்றாக இறுக்கி வைத்திருக்கும் நடு போல்ட்டைக் கழற்றினால் கட்டு சட்டென்று விரியும். அதனால் இரு பக்கமும் கிளாம்ப் போட்ட பிறகே நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். சேஸிஸுக்கு ஸ்டாண்டு, ஆக்சிலுக்குத் தனி முட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவர் உயிரோடு விளையாடுகிறார். பழைய யு போல்ட்டும் ஆகாது. இறுக்கி இறுக்கி இழுபட்டது முன்போலப் பிடிக்காது.

கோளாறு இதற்குப் பிறகுதான். 'பிரித்தது பிரித்தாயிற்று, இன்னொரு பட்டை சேர்த்துப் போடலாமே' என்று தோன்றும். பழைய பட்டை மலிவாகக் கிடைக்கும், லோடு கூட ஏற்றலாம், வண்டியும் உட்காராது. ஆனால் பிரேக்கும் டயரும் ஆக்சிலும் கம்பெனி கொடுத்தவைதானே?

கண்ணில் படாத ஆபத்து ஒன்றும் உண்டு. பல பிக்கப்களிலும் லாரிகளிலும் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி கிளம்பி, சேஸிஸில் இருக்கும் சின்ன வால்வுக்குப் போகும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகரும். பிரேக் மிதிக்கும்போது பின்சக்கரத்துக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். கூடுதல் பட்டை போட்ட வண்டி அவ்வளவாகத் தாழாது. வெங்காய மூட்டை தலைக்கு மேல் நின்றாலும், லோடு குறைவு என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பாரம் முழுவதும் பின்னால் இருக்க, பின் பிரேக்குக்குப் போதிய அழுத்தம் போகாது. இறக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) வரும் வண்டியில் பட்டையை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்டுநர் தலையில் மட்டும் பழியைப் போடுவதும் சரியில்லை. டன் கணக்கில் வாடகை பேசிவிட்டு, 'இன்னும் நாலு மூட்டை ஏத்துப்பா' என்று சொல்பவர் யார்? அதிகபாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார். சோதனைச்சாவடியில் எழுதும் அபராதச் சீட்டில் சரக்கு அனுப்பிய மண்டிக்காரரின் பெயரும் ஏறட்டும்.