காரணம்: சொந்தக் காரணம்

தலித் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எது நடந்தாலும் நம்மைச் சுற்றியிருக்கிற நல்லவர்கள் எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரிகிறது: டி.சி.யை வாங்கிக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போய்விடுவது. பேராசிரியர் சொல்கிறார், தெருவில் படித்த அண்ணன் சொல்கிறார், மேடையில் சாதி ஒழிப்புப் பேசுகிற தோழர் சொல்கிறார், பெத்த தாயும் சொல்கிறாள். காய்ச்சலுக்கும் அதே மாத்திரை, கால்முறிவுக்கும் அதே மாத்திரை. நானும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னொரு கல்லூரியில் இடமும் கேட்டாகிவிட்டது. ஆனால் பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. மாறவேண்டியது நான்தானா?

என் கதையில் அரிவாள் இல்லை, ரத்தம் இல்லை. அதனால் பலருக்கு இது ஒரு விசயமாகவே படுவதில்லை. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. 20 மில்லி கரைசலை அதில் உறிஞ்சி, மேல்முனையை விரலால் மூடி, குடுவையில் விடவேண்டும். ரப்பர் பல்ப் வைத்து உறிஞ்சச் சொல்லிப் புத்தகம் சொல்லும். எங்கள் கல்லூரியில் வாய்தான் பல்ப். நான் வாய் வைத்த குழாயில் நாங்கள் வாய் வைக்கமாட்டோம் என்று என்னோடு ஒரே மேசையில் நிற்கிற இரண்டு பேர் சொன்னார்கள். அடுத்த வாரம் எனக்கென்று தனியாக ஒரு பிப்பெட் வந்தது. அடையாளத்துக்கு மேல்முனையில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. மத்தவங்களுக்கு மூணு பேருக்கு ஒண்ணு, எனக்கு மட்டும் எனக்கே எனக்குன்னு ஒண்ணு. எம்புட்டு வசதி!

எங்கள் தாத்தா காலத்தில் டீக்கடையில் சிரட்டை. அப்பா காலத்தில் தனிக் குவளை. என் காலத்தில் அது ஆய்வகக் கண்ணாடியாக வளர்ந்திருக்கிறது. தீண்டாமைக்கு இந்த நாட்டில் என்ன குறை, பட்டப்படிப்பு வரைக்கும் வந்துவிட்டது.

துறைத்தலைவரிடம் போனேன். “ஹைஜீன்மா. கொரோனாவுக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரு பயம்” என்றார். கொரோனா என் மேசையில மட்டுமா மேடம் உக்காந்திருக்கு என்று கேட்டேன். அதற்கான பதில் அகமதிப்பீட்டில் வந்தது. முகம் தெரியாத யாரோ திருத்துகிற பல்கலைக்கழகத் தாளில் எனக்கு 75-க்கு 61. முகம் தெரிந்தவர்கள் போடுகிற அகமதிப்பீட்டில் 25-க்கு 11. இதற்குப் பொழிப்புரை தேவையில்லை.

அப்புறம் கூப்பிட்டு உட்காரவைத்து அன்பாகப் பேசினார்கள். “உனக்கு இங்க மனசு ஒட்டலேன்னா வேற காலேஜ் பாரும்மா. என்.ஓ.சி. நான் போட்டுத் தரேன்.” கல்வி உதவித்தொகைக்காக ஒரு போனஃபைடு சான்றிதழ் கேட்டு மூன்று வாரம் அலுவலக வாசலில் நின்றவள் நான். என்.ஓ.சி. ஒரே மத்தியானத்தில் கையெழுத்தும் சீலுமாக வந்துவிட்டது. உள்ளே வர ஆயிரம் கதவு, வெளியே போக மட்டும் வாசல் விரியத் திறந்து கிடக்கிறது.

தோழர்களே, அந்த டி.சி. விண்ணப்பத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘விலகுவதற்கான காரணம்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அலுவலகத்து எழுத்தர் அண்ணன் கெட்டவர் இல்லை, கரிசனத்தோடுதான் சொன்னார். “சொந்தக் காரணம்னு எழுதிரும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுறது.”

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். பிப்பெட் என் சொந்தமா? நூல் என் சொந்தமா? 11 என்கிற எண் நான் போட்டுக்கொண்டதா? ஒவ்வொரு கல்லூரியிலும் பாதியில் போன நம் பிள்ளைகளின் கோப்புகளை எடுத்துப் பார்த்தால் சொந்தக் காரணம், குடும்பச் சூழ்நிலை, தூரம், உடல்நலம் என்றுதான் இருக்கும். சாதி என்று ஒரு தாளிலும் இருக்காது. அப்புறம் ஆய்வுக்குழு வரும், கோப்பைப் புரட்டும், இங்கே சாதிப் பிரச்சினையே இல்லை என்று எழுதிவிட்டுப் போகும். குற்றம் செய்தவர்கள் தடயத்தை அழிப்பது வழக்கம். இங்கே தடயத்தை அழிக்கிற வேலையையும் நம்மிடமே, நம் கையெழுத்திலேயே வாங்கிவிடுகிறார்கள்.

நாம் ‘விரும்பி’ மாறினோம் என்று காட்டுவதில் இந்தச் சமூகத்துக்கு நல்ல தேர்ச்சி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாடு பற்றித் தோரட் குழு 2007-இல் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். விடுதியில் தலித், பழங்குடி மாணவர்களை யாரும் உத்தரவு போட்டு ஒதுக்கவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் அவர்களே அறை மாறி மாறி, கடைசியில் குறிப்பிட்ட விடுதிகளின் மேல்மாடிகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு சேரி. பதிவேட்டில் என்ன இருக்கும்? அறை மாற்றம், சொந்த விருப்பம்.

ஆள்தான் மாறவேண்டும் என்றில்லை, கல்லூரியையே மாற்றுவார்கள். சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் 2008 நவம்பர் 12-இல் நடந்த மோதலைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததையும் சேர்த்துத்தான் பார்த்தது. குருபூசைச் சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டார்களே, அந்தச் சுவரொட்டியிலிருந்து கிளம்பிய பகை அது. நீதிபதி சண்முகம் விசாரணை ஆணையம் கல்லூரியைப் பிரித்து வேறு இடங்களுக்குக் கொண்டுபோகப் பரிந்துரை செய்தது. மெட்ரோ ரயில் வேலையையும் காரணம் காட்டினார்கள். மாணவர்கள் போராடியும் பயனில்லை. 2018-இல் உயர்நீதிமன்றத்தை ஒட்டியிருந்த கல்லூரி, புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்குமாக ஊருக்கு வெளியே போய்விட்டது. வகுப்பு முடிந்தால் நடந்துபோய் கோர்ட்டில் உட்கார்ந்து வாதம் கேட்ட சேரிப்பிள்ளைக்கு இப்போது பஸ் பயணம். சாதியை என்ன செய்தார்கள்? அதுக்கு டி.சி. கொடுக்க யாருக்கும் தோணலை.

ஒதுங்கிப் போனால் விட்டுவிடுவார்களா? நாங்குநேரியைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் வெட்டுப்பட்ட அந்தப் பையன் சண்டைக்குப் போகவில்லை. கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் கொடுத்த தொல்லையில் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திப் பார்த்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோது உண்மையைச் சொன்னான். ராத்திரி வீடு தேடி வந்து அவனையும் தங்கச்சியையும் வெட்டினார்கள். அப்புறம் ஊரை விட்டுப் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தது யார்? வெட்டுப்பட்ட குடும்பம்தான். அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கேட்கவேண்டியதுதான். கையில் கட்டுகிற கயிறு கலர் கலராக இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணாடிக் குழாயில் சுற்றுகிற வெள்ளை நூல் எந்தக் குழுவின் கண்ணில் படும்?

ஆசிரியர்கள் விசயத்திலும் இதே இடமாற்றம்தான் தண்டனை. சாதி பார்த்த ஆசிரியரைப் பற்றிச் செய்தி வந்தால், நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று இன்னொரு ஊருக்கு மாற்றுகிறார்கள். அந்த ஊரில் மட்டும் சேரி இல்லையா? அடித்தவனுக்கும் இடமாற்றம், அடிபட்டவனுக்கும் இடமாற்றம். வித்தியாசம், அடித்தவனுக்குச் சம்பளமும் சர்வீசும் சேர்ந்தே போகும். அடிபட்டவள் எல்லாத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கணும்.

அந்த ‘முதலிலிருந்து’ என்றால் என்னவென்று புத்தி சொல்கிறவர்களுக்குத் தெரியுமா? தன்னாட்சிக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத்திட்டம். நான் படித்த தாள் அங்கே இருக்காது, அங்கே படித்த தாளை நான் எழுதியிருக்கமாட்டேன். விட்டுப்போன தாள்களையெல்லாம் மூன்றாம் ஆண்டுப் பாடத்தோடு சேர்த்து எழுதித் தீர்க்கவேண்டும். விடுதியில் நடுவில் வருகிறவளுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. (2025 ஜூலையில் ஆதிதிராவிடர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். சந்தோசம். பேரை மாத்துறதும் இடத்தை மாத்துறதும் அரசாங்கத்துக்கு நல்லாவே கைவரும்.) கல்வி உதவித்தொகைக்குப் புதிய கல்லூரியின் வழியாக எல்லாக் காகிதமும் மறுபடி போகவேண்டும். அது வருகிற வரைக்கும் கட்டணத்துக்கு அப்பா யாரிடம் போய் நிற்பார்? ஊர்த்தெருவில் வட்டிக்கு விடுகிறவரிடம்தான். சாதியிடமிருந்து தப்பிக்க சாதியிடமே கடன்.

எங்கம்மாவோடு எனக்குச் சண்டையில்லை. “நீ உசுரோட வீடு வந்து சேந்தாப் போதும் தாயி, எந்தக் காலேசா இருந்தா என்ன” என்கிறாள். அவள் பயம் வெறும் பயமில்லை. 1997-இல் மேலவளவில் என்ன நடந்தது, 2016 சனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா என்ன ஆனார் என்று இந்த மண்ணில் பிள்ளை பெத்த எல்லாத் தாய்க்கும் தெரிந்த பயம் அது. போகிறவர்கள் கோழைகள் என்று நான் எழுதவரவில்லை. அப்படி எழுதுகிற வீரர்கள் யாரும் எங்கள் ஆய்வகத்தில் என்னோடு நிற்கப்போவதில்லை.

ஆனால் மாறிப் போன இடத்தில் என்ன காத்திருக்கிறது? இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன் சரித்திரத்தில், கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மற்ற பிள்ளைகளோடு கூடாமல், வெளியே தனியாக இருந்துவிட்டு மணியடித்த பிறகு வகுப்புக்குள் போனவர் அவர். புதிய கல்லூரியில் எனக்குச் சொல்லப்படுகிற வழியும் அதுதானே? “அங்க யாருக்கும் உன்னைத் தெரியாது, பேசாம படிச்சிட்டு வந்துரு.” தெரியாத வரைக்கும்தான் நிம்மதி என்றால் அது படிப்பா, தலைமறைவா? அதுவும் எத்தனை நாளைக்கு? உதவித்தொகைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிற அன்றைக்கு அதுவும் முடிந்தது.

அம்பேத்கரே பல இடம் மாறிப் படித்தவர்தானே என்று ஒரு தோழர் மடக்கினார். மாறினார். மும்பை சிடனாம் கல்லூரியில் அவர் பேராசிரியராக இருந்தபோது, ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையில் அவர் குடிக்கக்கூடாது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் அதற்காகவா கல்லூரியை விட்டார்? சம்பளத்தில் காசு சேர்த்து, 1920-இல் லண்டனில் பாதியில் நின்ற தன் படிப்பை முடிக்கப் போனார். தன் வேலைக்காகப் போவது வேறு, பானைக்காரன் விரட்டிப் போவது வேறு. பின்னால் 1946-இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியதும் அவர்தான். எனக்கு இப்போதைக்குக் கல்லூரி கட்ட வழியில்லை. இருக்கிற கல்லூரியில் ஒரு குழாயில் சுற்றின நூலை அவிழ்க்கச் சொல்ல வழியிருக்கிறது.

இதில் நம் இயக்கத்துக்காரர்களையும் விடுவதாக இல்லை. யாராவது ஒரு மாணவி பிரச்சினை என்று போனால் அவர்களுக்கும் முதலில் தோன்றுவது, தெரிந்த கல்லூரியில் பேசி சீட்டு வாங்கித் தருவதுதான். அது உதவி, மறுக்கவில்லை. ஆனால் சீட்டு வாங்கித் தருகிற ஆபீசாக இயக்கம் ஆகிவிட்டால், பழைய கல்லூரியில் அடுத்த வருசம் சேருகிற சேரிப்பிள்ளையின் கையில் அதே நூல் சுற்றின பிப்பெட்தான் இருக்கும். கழுவி எடுத்து வச்சிருப்பாங்க, ஹைஜீனா.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி கல்லூரிகளில் சமவாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரும் இருக்கவேண்டும். அந்த அலுவலர் யார் என்று எங்கள் கல்லூரியில் கேட்டேன். அலுவலகத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கல்லூரி வாசலிலும் இந்தக் கேள்வியை நம் இயக்கம் கேட்கட்டும். விலகிப் போயே ஆகவேண்டும் என்கிற பிள்ளையும் அந்தக் காரணப் பத்தியில் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டுப் போகட்டும். சாதிப் பாகுபாடு, இன்ன தேதி, இன்ன ஆய்வகம், இன்னார். அப்படி எழுதினால் டி.சி. தரமாட்டோம் என்பார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. எழுதிய காகிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டி.சி. விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு மனு எழுதியிருக்கிறேன். நூலை அவிழ்க்கவேண்டும், எல்லா மேசைக்கும் ரப்பர் பல்ப் வாங்கவேண்டும், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை வேறு துறை ஆசிரியர் முன்னிலையில் மறுபடி போடவேண்டும், இதைச் செய்தவர்கள் மேல் விசாரணை வேண்டும். முதல்வர் அலுவலகத்தில் வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் போகும். நகல் பல்கலைக்கழகத்துக்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும். நூல் சுற்றின பிப்பெட்டின் புகைப்படம் இணைப்பு ஒன்று. மதிப்பெண் பட்டியல் இணைப்பு இரண்டு. ஒரே மத்தியானத்தில் கிடைத்த என்.ஓ.சி. இணைப்பு மூன்று.