முகமுண்டு, பெயரில்லை!

மகளின் மணத்திற்கு நகை வாங்கத் தியாகராய நகர் செல்கிறோம். சவரன் கணக்கில் பேசுகிறோம். சவரன் என்பது ஆங்கிலேயரின் பொற்காசுக்குரிய பெயர். விக்டோரியா அரசியின் தலை பொறித்து வந்த காசு அது. காசில் பொறித்த அரசகுலப் பெண்ணை நம் நாடு அதற்கும் வெகு முன்னரே கண்டிருக்கிறது.

அதே தியாகராய நகரை ஒட்டிய மாம்பலத்தில், பழைய முத்திரைக் காசுகளோடு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக்காசு ஒன்றும் கிடைத்தது. அவருக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸின் காசுகளோ தமிழகப் புதையல்களில் ஏராளம். அவற்றில் ஒருபுறம் மன்னனின் தலை. மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். அவள் மன்னனின் தாய் லிவியா என்பர் அறிஞர் பலர். உறுதியாகச் சொல்ல இயலாததேன்? அக்காசில் அவள் பெயர் இல்லை! அவளைச் சுற்றி ஓடும் எழுத்தும் மன்னனின் குருபதவியையே பறைசாற்றுகிறது.

நம் முன்னோர் வழி வேறு. நாணயத்திலும் குத்பாவிலும் பெயர் இடம்பெறுவதே ஆட்சியுரிமையின் அடையாளம் என்றனர். காசில் உருவத்தைப் பெரும்பாலும் தவிர்த்த அவர்கள், பெண்ணின் எழுத்தைத் தவிர்க்கவில்லை. 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட ரஸியா தம் பட்டத்தோடு காசு வெளியிட்டார். 1250இல் எகிப்தில் ஷஜருத்துர், 'முஸ்லிம்களின் அரசி, கலீலின் தாய்' எனப் பொறித்தார். நூர்ஜஹானின் பெயர் முகலாய நாணயத்தில் ஒளிர்ந்தது.

இன்று நம் திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றைப் பாருங்கள். மணமகனுக்குப் பெயருண்டு, படிப்புண்டு, பதவியுண்டு. மணமகளோ வெறும் 'தீன்குலச் செல்வி'!

பெண்ணின் பெயரை அந்நியர் அறிவது நாணத்திற்கு இழுக்காம். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறதே! மக்களுள் தங்களுக்கு மிகவும் பிரியமானவர் யாரென்று அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) வினவியபோது, அண்ணலார் (ஸல்) தயங்காது ஆயிஷா என்றார்களே! மணமகள் இன்னாரென்று ஐயமறக் குறிப்பிட வேண்டும் என்பது நிக்காஹின் விதி. சபையில் உரக்கச் சொல்லும் பெயரை அட்டையில் அச்சிட அஞ்சுவது எந்த மத்ஹபு?

தந்தையரே! மகளுக்கு எத்தனை சவரன் என்பதை ஊரறியச் செய்கிறீர்கள். அகீக்கா நாளில் நீங்களே சூட்டிய பெயரையும் ஊரறியச் செய்யுங்கள்.