உயிர்ப்பொறியும் உழவரின் தேவையும்

மணி முற்றும் பருவத்தில் கிளிக்கூட்டம் இறங்கிய சூரியகாந்தி வயலைக் கண்டோர், பறவைகளால் விளையும் நட்டத்தைச் சிறிதென்று கூறார். கிளி தின்பது குறைவு. கொத்திச் சிதறுவது மிகுதி. மக்காச்சோளக் கதிரின் உறையைக் கிழித்துச் சில மணிகளை உண்டபின் அடுத்த கதிருக்குத் தாவுவது அதன் இயல்பு. ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம் இதனைக் கண்டு பொறுத்திருக்க வேண்டும் என எவரும் எதிர்பார்த்தல் முறையன்று. எனவே, "இவற்றைப் பிடிப்பதற்கு ஒரு பொறி இல்லையா?" என்று உழவர் களப்பணியாளரை வினவுவது இயற்கையே. அவ்வினாவிற்கு அளிக்கப்படும் விடை உழவரின் பொருளையும் காலத்தையும் வீணாக்காததாக இருத்தல் வேண்டும்.

பறவைகளை ஒழிக்கக் கையாளப்படும் வழிகளுள் உயிர்ப்பொறி மேலானது என்பதில் ஐயமில்லை. நஞ்சு கலந்த தானியம் ஆளறிந்து கொல்வதில்லை. தீங்கு செய்யும் பறவையோடு மயிலும் கோழியும் மடியும். கண்ணியும் பசையும் காலை முறித்துச் சிறகைச் சிதைக்கும். உயிர்ப்பொறியிலோ பிடிபட்டது எதுவென்று பார்த்தறிந்து, வேண்டாததை ஊறின்றி விடுவிக்க இயலும். இத்தெரிவுரிமையே அதன் தனிச்சிறப்பு.

அதன் அமைப்பும் கடினமன்று. மரச்சட்டத்தாலோ மூங்கிலாலோ செய்த கூட்டின்மேல் கம்பிவலை போர்த்தப்படும். சிட்டு, சில்லை போன்ற சிறு பறவைகளுக்கு வலையின் கண் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மிகாதிருத்தல் நலம். மிகின் தலை சிக்கிக்கொள்ளும். தரைமட்டத்தில் புனல் வடிவான நுழைவாயில், வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் அமையும். இரையைத் தொடர்ந்து நடந்து வரும் பறவை எளிதில் உட்புகும். வெளியேற முயலும்போது அது வெளிச்சத்தை நோக்கி மேலெழுமேயன்றித் தரையிலுள்ள சிறு துளையை நாடாது. காகப்பொறியில் வாயில் கூரையின் நடுவே ஏணிப்படி போல் அமையும். சிறகை மடக்கிக்கொண்டு இடைவெளி வழியே இறங்கும் காகம், சிறகை விரித்தே மேலெழ வேண்டியிருத்தலால் அவ்வழியே மீள இயலாது. உள்ளேயுள்ள பறவையைக் கண்டு பிறவும் இறங்கும்.

கருவி இத்துணை எளிதாயின், அதனை ஊர்தோறும் பரப்புதல் தகாதோ எனின், பரப்புதற்கு முன் எண்ணத்தக்கவை நான்கு உள.

முதலாவது, பொறிக்கு ஆள் வேண்டும். உள்ளே நிழலும் நீரும் உணவும் இருத்தல் வேண்டும். கோடையில் ஒருநாளைக்குப் பலமுறை சென்று பார்த்தல் வேண்டும். நண்பகல் வெயிலில் மறக்கப்பட்ட பொறி, நஞ்சினும் கொடிய கொலைக்களமாகும். அறுவடைக் காலத்தில் இதற்கு ஓய்வுள்ள உழவர் எத்தனை பேர்?

இரண்டாவது, எண்ணிக்கை. திறந்த வயலுக்கு வரும் பறவைகள் அவ்வயலுக்கு மட்டும் உரியன அல்ல. இரை உள்ளவரை, பிடிக்கப்பட்ட பத்தின் இடத்தைச் சுற்றுப்புறத்திலுள்ள வேறு பத்து நிரப்பும். பிடித்தவற்றைத் தொலைவில் விடுவதாயின், பல திரும்பி வரும். எஞ்சியவை அடுத்த ஊரின் வயலில் இறங்கும். நட்டம் இடம் மாறுமேயன்றிக் குறையாது.

மூன்றாவது, பறவையின் இருவகைத் தொழில். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் மேசன் என்பாரும் மாக்ஸ்வெல்-லெஃப்ராயும் பறவைகளின் இரைப்பையை ஆய்ந்து, இந்தியப் பறவைகளின் உணவைப் பற்றி 1912இல் நூல் வெளியிட்டனர். அன்று தொடங்கிய ஆய்வு தெளிவாக்கிய உண்மை ஒன்று உண்டு: ஒரு பறவையை ‘நல்லது’ என்றோ ‘தீயது’ என்றோ ஆண்டு முழுமைக்கும் முத்திரையிடல் இயலாது. கதிரைக் கொத்தும் தூக்கணாங்குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டும். சோளத்தைச் சூறையாடும் சூறைக்குருவி, வெட்டுக்கிளிகளைப் பெருந்திரளாக அழிக்கும். சீன அரசு 1958இல் சிட்டுக்குருவியை ஒழிக்க மாபெரும் இயக்கம் நடத்தியது. பூச்சிகள் பெருகக் கண்டு, 1960இல் ஒழிக்கத்தக்கவற்றின் பட்டியலினின்று சிட்டை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தது.

நான்காவது, சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல், கொல்லுதலை மட்டுமன்றிப் பிடித்தலையும் பொறி வைத்தலையும் இரையிட்டு ஈர்த்தலையும் உள்ளடக்கும். பச்சைக்கிளி இச்சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. முன்னர்க் காகம் முதலியவை இடம்பெற்றிருந்த தீங்குயிர்களின் தனி அட்டவணையும் 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. நிற்கும் பயிருக்குக் கேடு நேரின், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து வழி அனுமதியைப் பெறுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அதனைப் பெறாது பொறி வைக்குமாறு அறிவுரை கூறும் களப்பணியாளர், உழவரைக் குற்றவாளியாக்குகிறார். பிடித்த கிளியை விற்றல் மற்றுமொரு குற்றம்.

அங்ஙனமாயின் உயிர்ப்பொறிக்குப் பயனே இல்லையோ? உண்டு. தானியக் கிடங்கினுள் புகுந்து வெளியேற வழியறியாது திரியும் பறவைகளைப் பிடித்து வெளியே விடுத்து, புகுவழியைக் கம்பிவலையால் அடைத்தற்கு அது ஏற்றது. ஆராய்ச்சிக்கும் அது இன்றியமையாதது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவைகளின் வலசை ஆய்வைத் தொடங்கியபோது, காலில் வளையமிடுதற்குப் பறவைகளை ஊறின்றிப் பிடித்துக் கொடுத்தோருள் பீகாரின் மீர்ஷிகார் மரபினரும் அடங்குவர். வழிவழியாகப் பறவை பிடித்து விற்றவர்களின் கைத்திறன், அவ்வாறு அறிவியலுக்கு உதவிற்று.

திறந்த வயலில் உழவருக்குப் பயன்படுவன வேறு. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1982இல் வேளாண்மை சார்ந்த பறவை ஆய்வுக்கென அனைத்திந்தியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்தகைய ஆய்வுகளால் விளங்கிய முறைகள் எளியவை. ஓர் ஊரார் ஒரே காலத்தில் விதைப்பின் கேடு பலர் வயலிலும் பரவி, ஒருவர்க்குரிய பங்கு குறையும். முந்தியோ பிந்தியோ தனித்து விளையும் சிறு வயலே பெரிதும் அழியும். மரங்களையும் கம்பிகளையும் அடுத்த ஓர வரிசைகளில் மக்காச்சோளக் கதிரை அச்செடியின் இலையாலேயே சுற்றிக் கட்டலாம். ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியும் மின்னும் நாடாவை முறுக்கிப் பயிருக்கு மேல் கட்டுதல், 1980களில் இந்தியாவிலும் ஆய்ந்து பார்க்கப்பட்ட முறையாகும். எல்லாப் பறவைகளுக்கும் அது ஒரே அளவில் பயன்படுவதில்லை. நெடுநாள் விட்டுவைப்பின் அவற்றுக்குப் பழகிவிடும். ஆதலின் மணி பால்பிடிக்கும்போது கட்டி, அறுவடையானதும் அவிழ்த்தல் வேண்டும். காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் காவல் இருத்தல் இவை அனைத்திற்கும் துணையாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. எந்தப் பறவை, எந்த வேளையில், வயலின் எப்பகுதியில் இறங்குகிறது என்று மாணவர்கள் மூன்று வாரம் குறித்து வருவாராயின், அக்குறிப்பேடு அவ்வூருக்குப் பத்துப் பொறிகளினும் பயன் தரும். காவலுக்கு ஆளை எங்கே, எப்பொழுது நிறுத்துவது என்பதை அது காட்டும். கரிச்சானும் பனங்காடையும் உண்ணிக்கொக்கும் வயலில் செய்யும் தொண்டையும் அவர்கள் அப்பொழுதே கண்டறிவர்.

பொறி செய்யக் கற்றுத்தருதல் ஒருநாள் வேலை. பொறி வேண்டாத இடத்தில் வேண்டாவென உழவரிடம் எடுத்துரைத்து, அவர் கதிரைக் காக்கும் வழியையும் உடன் காட்டுதல் பருவந்தோறும் செய்யத்தக்க பணி. களப்பணியாளர் ஏற்கவேண்டிய பொறுப்பு அதுவேயாகும்.