தேய்ந்த என்ஜினும் தேயாத திறனும்

டீசல் ரயில் என்ஜின்களுக்கு உதிரிபாகங்கள் செய்யவும், தேய்ந்தவற்றைப் புதுப்பிக்கவும் 1980களில் எழுந்ததே பாட்டியாலா ரயில்வே ஆலை. ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஓடிய என்ஜின் அங்கே அடிச்சட்டம் வரை பிரிக்கப்பட்டது. 16 சிலிண்டர் டீசல் இயந்திரம் உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டது. கிராங்க் ஷாஃப்டில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் உண்டா எனக் காந்தச் சோதனை நடந்தது. லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றி, முழுச்சுமையில் ஓட்டிப் பார்த்த பின்னரே அது தண்டவாளம் ஏறியது. 2,600 குதிரைத்திறனோடு வந்த பல என்ஜின்கள் 3,100 குதிரைத்திறனோடு திரும்பின.

இதன் மூல வடிவமைப்பு அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்துடையது. அந்நிறுவனம் 1969இலேயே ரயில் என்ஜின் தயாரிப்பைக் கைவிட்டது. முதலாளி கைவிட்டதை வாரணாசியிலும் பாட்டியாலாவிலும் பல பத்தாண்டுகள் காத்து மேம்படுத்தியது அரசு ஆலைத் தொழிலாளர்களின் உழைப்பும் அறிவுமே.

2019இல் இத்தகைய ஆலைகளைக் கார்ப்பரேட்மயமாக்க மோடி அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். மின்மயமாக்கலால் டீசலின் காலம் முடிகிறது என்பது உண்மையே. ஆனால் டீசலோடு அந்தத் திறனின் தேவை முடிந்துவிடவில்லை. பழைய டீசல் என்ஜின்களை மின்சார என்ஜினாக மாற்றி 2018இல் வாரணாசித் தொழிலாளர்கள் அதை மெய்ப்பித்தனர்.

இயந்திரம் தேய்ந்தால் புதுப்பிக்கலாம். தலைமுறைகளாகத் திரண்ட திறனைக் கலைத்துவிட்டால் எந்த டெண்டராலும் மீட்க முடியாது. ஆலைகள் அரசிடமே நீடிக்க வேண்டும். ஓய்வுபெறுவோரின் இடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும்.