முந்திப் பணம் கட்டுவோர்க்கே முதலிடமா?



தியாகராய நகர்த் துணிக்கடையிலே நாளெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டும் தந்தை ஒருவரை எண்ணிப் பாருங்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வே இன்னும் வரவில்லை. அதற்குள் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் அழைப்பு வந்துவிட்டது: இப்போதே விண்ணப்பம் போடுக, இப்போதே முன்பணம் கட்டுக, தாமதித்தால் இடமில்லை! கட்டுவதா, காத்திருப்பதா? வட்டிக்கடை வாயிலிலே நின்று அவர் எடுக்கவேண்டிய முடிவு இது.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழும் வசதி படைத்தோர்க்கு இது சிக்கலே அன்று. ஓரிடத்தில் பணம் கட்டி வைப்பர்; பின்னர் நல்ல இடம் கிடைத்தால் கட்டியதை மறந்துவிடுவர். அவர்க்கு அது காப்பு; இவர்க்கோ அது கடன்! முந்தியவர்க்கு முன்னுரிமை என்பது பொதுநீதி போல ஒலிக்கிறது. ஆனால், முந்துவதற்கு வேண்டியது அறிவா? அன்று, பணம்!

இது நாம் மட்டும் சொல்லும் குறையன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமே, முன்கூட்டிச் சேர்க்கும் முறை வாய்ப்புள்ளோர்க்கே மேலும் வாய்ப்பளிக்கிறது என்று கூறி, 2006இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. 2011இல் மீண்டும் அம்முறைக்கே திரும்பியது. பல்கலைக்கழகம் திரும்பியதால், அது ஒப்புக்கொண்ட உண்மை பொய்யாகிவிடுமா?

தமிழகம் கண்ட வழி வேறு. 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006இல் சட்டம் நிறைவேற்றினோம். பொறியியல் கலந்தாய்விலே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். முதல்நாள் விண்ணப்பித்தவரும் கடைசிநாள் விண்ணப்பித்தவரும் ஒரே தரவரிசையில் நிற்பர். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கதவும் இவ்வழியேதான் திறக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு ஆகியவை கலந்தாய்வில் வருவோர்க்கே உரியவை. அவசரப்பட்டு வேறிடம் புகுவோர், பணத்தோடு இவ்வுரிமைகளையும் இழக்கின்றனர்!

"காத்திருந்து, கேட்ட இடம் கிடைக்காவிட்டால்?" என்று அத்தந்தை கேட்பார். நியாயமான அச்சமே. நாம் சொல்வது இது: விண்ணப்பம் போடுக, கடன் வாங்கி முன்பணம் கட்டற்க. கட்டியே ஆகவேண்டுமெனில், விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்திலே கேட்டுப் பெறுக. பணத்தைத் திருப்பித் தரவும், மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்காதிருக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே விதி வகுத்துள்ளது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. பொதுத் தேர்வு முடிவு வெளிவருமுன் எந்தக் கல்வி நிறுவனமும் சேர்க்கைப் பணம் வாங்கலாகாது என்பதே நம் கோரிக்கை. அது வெல்லும்வரை, ஒவ்வொரு படிப்பகத்திலும் தோழர்கள் அமர்ந்து, வரும் பெற்றோர்க்கு இவற்றை எடுத்துரையுங்கள். ஒரு குடும்பம் கடனிலிருந்து தப்பினாலும் அது நம் வெற்றியே!