விலையைக் கேட்பது இழிவன்று

அல்சூர் ஏரிக்குப் பின்புறத் தெருவில் என் அறைக்கு அடுத்த வீட்டில் இருக்கும் அம்மையார், சென்ற ஞாயிறன்று ஒரு கல்லூரியின் விளக்கக் கையேட்டுடன் வந்தார். மகள் பி.யு.சி. தேறிவிட்டாள், உளவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். "மூணு வருஷம் முடிச்சா டாக்டர் மாதிரி உக்காந்து ஆளுங்களப் பார்க்கலாமா தம்பி? மாசம் எவ்ளோ வரும்? சேட்டு கடையில வளையல வெச்சுத்தான் ஃபீஸ் கட்டணும், அதான் கேக்குறேன்" என்றார். கையேட்டின் அட்டையில் மூளையின் படம். உள்ளே, எதிரெதிரே அமர்ந்து உரையாடும் இருவர். கட்டணப் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இக்கேள்வியை எங்கள் ஆய்வாளர் வட்டத்தில் பகிர்ந்தேன். வந்த மறுமொழிகளே இதை எழுதத் தூண்டின. "கல்வியைக் காசால் அளப்பது சந்தைப் புத்தி" என்றார் ஒரு நண்பர். "தன்னை அறியும் கல்விக்கு விலை ஏது?" என்றார் இன்னொருவர். மூத்த பேராசிரியர் ஒருவர், பெற்றோரின் இத்தகைய மனப்பான்மையே மானுடவியல் துறைகளைச் சாகடிக்கிறது என்று நீண்ட பத்தி எழுதினார். மூவருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூவரின் வங்கிக் கணக்கிலும் மாதந்தோறும் இக்கல்வியின் பெயரால் பணம் வருகிறது. எனக்கும் வருகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது ஒரு மாதம் தாமதமானால் சந்தைப் புத்தி எங்களுக்குள் எவ்வளவு விரைவாக விழித்துக்கொள்கிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். விலைமதிப்பற்ற பொருளை விற்பவர், வாங்குபவர் விலை கேட்கும்போது மட்டும் முகம் சுளிப்பது என்ன நாகரிகம்?

ஆகவே கணக்கைப் போட்டே பார்ப்போம். கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கணக்கின் பொருட்டு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று கொள்கிறேன். மூன்றாண்டுக்கு மூன்று லட்சம். பெற்றோர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள், பொருளியலார் நிற்பதில்லை. அதே பெண் ஒரு துணிக்கடையிலோ மருந்துக்கடையிலோ மாதம் 15,000 ரூபாய்க்குச் சேர்ந்திருந்தால் 36 மாதங்களில் 5,40,000 ரூபாய் ஈட்டியிருப்பாள். படிப்பின் உண்மையான விலை 8,40,000 ரூபாய், நகைக்கடன் வட்டி நீங்கலாக. இவ்வளவுக்கும் ஈடாக அவளுக்குக் கிடைக்கும் சட்டபூர்வ உரிமை என்ன?

ஏதுமில்லை. இதில் மழுப்பலுக்கு இடமே கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கிறது. அதன்படி இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும், அல்லது முதுகலைக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். அதாவது வழமையான பாதையில் மூன்றும் இரண்டும் இரண்டும் சேர்ந்து ஏழு ஆண்டுகள். இழந்த ஊதியம் மட்டும் 12,60,000 ரூபாய். அந்த எம்.ஃபில். பட்டத்தின் கதையும் கேலிக்குரியது. பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில்.லை ஒட்டுமொத்தமாக ஒழித்தது. பின்னர் நாட்டில் மருத்துவ உளவியலாளர் உருவாகும் முக்கிய வழியே அதுதான் என்று நினைவு வந்ததும், 2024 தொடக்கத்தில் அந்தப் பிரிவுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை தவணை கொடுத்தது. கருநாடகத்திலோ 2021இல் வந்த நான்காண்டுப் பட்டம் 2024இல் மீண்டும் மூன்றாண்டாகச் சுருங்கியது. ஒரு பெண் பதினேழு வயதில் ஏழாண்டுத் திட்டம் போடுகிறாள். நம் நிறுவனங்களால் மூன்றாண்டுக்குக் கூட ஒரு சொல்லில் நிற்க முடியவில்லை.

இங்கே என் தரப்புக்கு எதிரான வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021ஆம் ஆண்டின் இணைநிலை மற்றும் மருத்துவப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவப் பராமரிப்புத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பை விதிக்கிறது. முப்பாடத் திட்டத்தில் உளவியல் மூன்றில் ஒன்று. வாரம் ஆறு மணி, பருவத்துக்குப் பதினாறு வாரம், ஆறு பருவம் என்று தாராளமாகவே எண்ணினாலும் 576 மணி நேரம். விதித்ததில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. இப்பட்டத்தைக் கொண்டு ஒருவரின் நோயைத் தீண்ட விடலாகாது என்பது நியாயமே. என் சினம் சட்டத்தின் மீதன்று. அச்சட்டத்தை அறிந்திருந்தும் அட்டையில் மூளையையும் உள்ளே ஆலோசனை அறையையும் அச்சடிப்போர் மீது. இலக்கியப் பட்டத்தின் உரிமையோடு ஒரு பொருளைக் கொடுத்து, தொழிற்பட்டத்தின் விலையை வாங்குகிறார்கள். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொகைதான் அந்த வளையல்.

இத்துறை இங்கே இப்படித் தொடங்கவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924இல் உளவியல் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலசுவாமி இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். ஆய்வகத்தையும் அளவையையும் நம்பியவர். (1935இல் தம் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தை நடத்தி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டவரும் அவரே. ஓர் உளவியல் பேராசிரியர் எத்தனை விதமாகப் பயன்படலாம் என்பதற்கு அது ஒரு சான்று.) உளவியல் இளங்கலை சிந்திக்கவும் அளக்கவும் கற்றுத்தரும் படிப்பு. அதை அவ்வாறே சொல்லி, அவ்வாறே விலையிட்டு விற்றால் எவர் குறை கூறப்போகிறார்?

குறைந்த விலையில் விற்ற ஒரு வாசலும் இருந்தது. பகலில் வேலை பார்த்துக்கொண்டு தொலைநிலையில் உளவியல் படித்தோர் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் எத்தனையோ பேர். 2025 சூலை-ஆகசுட்டுப் பருவம் முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் கூடாது என்று மானியக் குழு தடுத்துவிட்டது. செய்முறைப் பயிற்சி இல்லை என்பது காரணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரடிக் கல்லூரியில் அப்பயிற்சி எந்த அளவில் நடக்கிறது என்று எவரேனும் போய்ப் பார்த்தார்களா? மலிவான கதவு மூடப்பட்டது. விலையுயர்ந்த கதவு அப்படியே திறந்திருக்கிறது.

நேரடிக் கல்லூரி தராத பயிற்சியை வெளியே விற்பதற்கென்று ஒரு சந்தையே முளைத்திருக்கிறது. உழைப்பவனுக்கு ஊதியம் கொடுப்பது உலக வழக்கம். உளவியல் மாணவி மட்டும் தான் உழைக்கும் இடத்துக்குத் தானே பணம் கட்டி, ஈராண்டில் எட்டுப் பத்து "இன்டர்ன்ஷிப்" சான்றிதழ்களைச் சேர்க்கிறாள். அவற்றுள் பல, திரையில் ஒருவர் பேச ஐம்பது பேர் கேட்டுவிட்டுப் பெற்றவை. என் இளையோரிடம் அக்கோப்புகளைக் கண்டிருக்கிறேன்; எந்த வேலைக்கும் அவை செல்லுபடியாகவில்லை. மனிதவளப் பிரிவில் ஆளெடுப்பு, பள்ளியில் நிழலாசிரியர், அழைப்பு மையம் என்று அவர்கள் சென்ற இடங்கள் எதற்கும் அச்சான்றிதழ் தேவைப்படவுமில்லை.

இனி மறுபக்கம். இதே பெங்களூரின் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, ஏறத்தாழ பதினைந்து கோடி இந்தியருக்கு மனநல உதவி தேவை என்றது. நோய்க்கேற்ப நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை கிட்டவில்லை என்றும் காட்டியது. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர், மனநலத்தில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்வாசிகளைத் தேர்ந்து, சில வாரப் பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் கொடுத்து, மனச்சோர்வுற்றோருக்கு உதவ முடியும் என்று சோதித்து நிறுவினர். லான்செட் இதழ் அதை வெளியிட்டது. நன்றாகக் கவனியுங்கள். முன்பயிற்சியே இல்லாதவர் சில வாரங்களில் செய்யக் கற்றதை, மூன்றாண்டு படித்தவள் செய்ய இந்நாட்டில் ஒழுங்கான ஒரு படிக்கட்டு இல்லை. வரையறுத்த பணி, மேற்பார்வை, ஊதியம் என ஓராண்டுப் படி ஒன்றை ஆரம்பச் சுகாதார நிலையங்களில் வைத்தால் இப்பட்டத்தின் பணமதிப்பு மறுநாளே மாறும். தேவை குறைவாக இருப்பதால் பட்டத்துக்கு விலை இல்லாமற் போகவில்லை. தேவையையும் பட்டதாரியையும் இணைக்கும் பணியிடத்தை எவரும் உருவாக்காததால் போயிற்று.

அதுவரை கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இப்பட்டம் எதற்கு உரிமை தராது என்பதையும், சென்ற மூன்று அணியினர் எங்கே என்ன ஊதியத்தில் இருக்கின்றனர் என்பதையும் கையேட்டின் முதற்பக்கத்தில் அச்சிடலாம். துறைக்கூட்டத்தில் இதை முன்மொழியும் துணிவு உள்ள பேராசிரியருக்கு நான் கல்வியின் விலைமதிப்பின்மை பற்றிப் பேச உரிமை தருகிறேன்.

அம்மையாரிடம் இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். சேரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழாண்டு என்று சொன்னேன், கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியை முதலில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் இதுல எங்கேயும் போடலியே தம்பி" என்றார். மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.