செய்தி வாசித்து முடித்த பிறகு

நம் பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்லி, பொன்மொழி சொல்லி, பிறகு ஒரு மாணவி நாளிதழிலிருந்து நாலைந்து தலைப்புகளை வாசிப்பாள். உலகம், இந்தியா, தமிழ்நாடு, விளையாட்டு என்று அது முடியும். நாட்டுப்பண் பாடிவிட்டு வரிசையாக வகுப்புக்குப் போய்விடுவார்கள். வாசித்த செய்தி மைதானத்திலேயே நின்றுவிடும். முதல் பாடவேளை சமூக அறிவியலாகவே இருந்தாலும், பத்து நிமிடத்துக்கு முன் ஒலிபெருக்கியில் கேட்ட குடியுரிமைச் செய்தியைப் பற்றி வகுப்பில் பேச்சு எழாது. எழ நாம் விடுவதில்லை என்பதுதான் உண்மை. பெற்றோர் புகார் கொடுப்பார்களோ, ஊர்ப் பெரியவர்கள் தலைமையாசிரியரிடம் வந்து நிற்பார்களோ, நடத்தை விதியில் மாட்டுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். திருப்புதல் தேர்வுக்கு முடிக்க வேண்டிய பாடம் மறுபக்கம். இந்தப் பயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பணிந்து நாம் கைவிடுவது நம் பாடத்தின் உயிரான பகுதியை.

இதை மனதில் வைத்து நீலகிரியைப் பார்க்கலாம். குன்னூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் கோத்தகிரிக்குப் போகும் சாலைகள் கட்டபெட்டில் சேருகின்றன. சுற்றிலும் படகர் ஹட்டிகள், சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள், கூட்டுறவு இன்ட்கோ தொழிற்சாலை, வனச்சரக அலுவலகம். இப்படி ஓர் ஊரின் ஒன்பதாம் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஹட்டியிலிருந்து வரும் படகர் பிள்ளை இருக்கும். இலங்கையிலிருந்து தாத்தா பாட்டி கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கும். கோத்தர், இருளர் வீட்டுப் பிள்ளையும், சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவரின் பிள்ளையும் இருக்கும். ஒரே பெஞ்சில் உட்காரும் இவர்களின் வீடுகளுக்கு ஒரே தேசியச் செய்தி வெவ்வேறு விதமாக வந்து சேருகிறது. அப்படிப்பட்ட வகுப்பில் அன்றைய செய்தியைப் பேசாமல் குடிமையியல் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர் தொகையை அது 9,75,000 என்று கணக்கிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தத்தில் தரப்புகள் இரண்டு அரசுகளே. கொழுந்து பறித்தவர்கள் அதில் ஒரு தரப்பாக இல்லை.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஆனால் கோத்தகிரி வட்டாரத்தில் இந்த ஒப்பந்தம் வீட்டுக்குள் இருக்கிறது. தாயகம் திரும்பிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் குடும்ப அட்டை என்று ஒன்று பத்திரமாக இருக்கும். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, ஒரு பழைய புகைப்படம், மறுவாழ்வுக்கு என்ன உதவி என்ற குறிப்பு. சிலருக்குத் தேயிலைத் தோட்ட வேலை. வேறு பலருக்கு வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை தவிர வேறு தொழில் அறியாதவர்கள் சமவெளியில் கடை வைத்துப் பிழைக்க முடியாமல், தெரிந்த வேலையைத் தேடி மலையேறி வந்தார்கள். நீலகிரியின் பல குடியிருப்புகள் இப்படித்தான் உருவாயின. தோட்ட வேலை என்று எழுதப்பட்டவர்களுக்காக 1968-இல் வனத்துறையின் கீழ் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் 1975-இல் டேன்டீ நிறுவனமாயிற்று. அதே டேன்டீ நட்டத்தில் தள்ளாடியபோது, 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு 2022-இல் முடிவெடுத்தது. தோட்டக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் இனி எங்கே போவது என்று கேட்டார்கள். அந்த அட்டையிலிருந்து இந்தக் கேள்வி வரை ஒரே கோடு ஓடுகிறது. அதை வகுப்பில் வரைந்து காட்டும் ஆசிரியர் வரலாறும் குடிமையியலும் பொருளியலும் ஒரே நாளில் நடத்திவிடுகிறார்.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய செய்தி வந்தபோது இதே வகுப்புகளில் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கக்கூடும்! 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவரைப் பற்றியது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில் வெளியாயின. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் எங்கள் தாத்தா யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். 1964 ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டு, இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்து முகாம்களில் இருப்பவர்களின் சட்டநிலை வேறு. முகாம்களிலும் மலையக வம்சாவளியினர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், குடியுரிமை கேட்டு அவர்கள் தரும் விண்ணப்பத்தை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. இந்த வேறுபாடு தெரியாமல் இருவரையும் ஒன்றாகப் பேசுகிற பழக்கம் பெரியவர்களிடமே உண்டு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பழைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று தமிழ்நாடு முழுக்க வீடுகளில் தேடினார்கள். ஒருமுறை நாடற்றவர் என்று எழுதப்பட்ட குடும்பத்தில் அந்தத் தேடலின் கனம் என்னவாக இருந்திருக்கும் என்பதை மற்ற பிள்ளைகளுக்கு உணர்த்த நம் வகுப்பை விட்டால் வேறு இடம் கிடையாது.

தேயிலை விலையும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் படகர் சமூகத்துச் சிறு விவசாயிகள், பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் நம் மாணவர்கள். தேயிலை வாரியம் நீலகிரிக்கென்று மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலைச் சராசரி விலையைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். குன்னூரில் 1963 முதல் நடக்கும் தேயிலை ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது, கடையில் நாம் வாங்குவது என்ன விலைக்கு, பறிகூலியும் உரமும் போக விவசாயி கையில் நிற்பது எவ்வளவு? மாணவர்களே வீட்டில் கேட்டு வந்து கூட்டிக் கழிக்கட்டும். விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்கவே வேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள். அதே பெஞ்சில் பறிகூலிக்குப் போகும் அம்மாவின் மகளும் இருக்கிறாள் என்பதையும் மறக்கக்கூடாது. குறைந்தபட்ச விலை கேட்பவரும் குறைந்தபட்சக் கூலி கேட்பவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு அது. பொருளியல் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

எல்லாவற்றிலும் கடினமானது பழங்குடியினர் பட்டியல். தங்களை அதில் சேர்க்க வேண்டும் என்பது படகர்களின் நெடுநாள் கோரிக்கை. கோத்தரும் இருளரும் தோடரும் குறும்பரும் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள். இதைப் பேசினால் வகுப்பு இரண்டாகிவிடும் என்று பயந்து பல ஆசிரியர்கள் வாயே திறப்பதில்லை. நானும் முதலிலேயே ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்பதை எதிர்க்கிறேன். அரசமைப்பின் 342-ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். பட்டியலைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். அதன் பிறகு சேர்ப்பதோ நீக்குவதோ நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டுமே முடியும். 1965-இல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்கள் எவை, அவை இன்றைக்கும் பொருந்துமா? நரிக்குறவர்களைச் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது; அது எந்தெந்தப் படிகளைக் கடந்து வந்தது? இந்த வழியில் போனால் ஒரு சமூகத்தின் தகுதியை மற்றொரு சமூகத்துப் பிள்ளை எடைபோடும் நிலை வராது. முடிவெடுக்கும் முறையை எல்லாரும் சேர்ந்து படிக்கிறார்கள். அதன் பிறகு வாதம் வந்தால் வரட்டும், கையில் சரக்கு இருக்கும்.

ஜெர்மனியில் இதே சிக்கலை ஆசிரியர்கள் சந்தித்திருக்கிறார்கள். 1976-இல் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த பாய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் அரசியல் கல்வியாளர்கள் கூடினார்கள். கட்சிச் சார்பு முற்றியிருந்த காலம். அங்கே உருவான மூன்று நெறிகள் இன்றும் அந்நாட்டு வகுப்பறைகளில் நிற்கின்றன. மாணவர் மீது ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கக்கூடாது. அறிஞரிடையேயும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும். நிகழ்வில் தன் நலன் எங்கே இருக்கிறது என்று ஆராய மாணவரைத் தகுதியாக்க வேண்டும். இரண்டாவது நெறி நமக்கு முக்கியம். சர்ச்சையை மறைத்து ஒரே பக்கத்தைச் சொல்வதும், எதுவும் பேசாமல் கடந்துபோவதும், மாணவருக்கு ஒரே கேட்டைத்தான் செய்கின்றன. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் கட்சி அரசியலிலிருந்து நம்மை விலக்குகின்றன. அது சரிதான். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையும், நீதிமன்றத் தீர்ப்பையும், இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் வகுப்பில் வாசித்து விளக்குவது கட்சி அரசியல் ஆகாது. இதை நம் தலைமையாசிரியர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் துணிந்து சொல்ல வேண்டும். ஆசிரியரைத் தனியாக நிற்க விடக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. ஆர்வம் மிகுந்த ஆசிரியர்களிடம் ஒரு தவறு நேர்வதுண்டு. ‘உன் தாத்தா எப்படி வந்தார், எழுந்து சொல்லு’ என்று ஒரு பிள்ளையை எல்லார் முன்பும் நிறுத்துவது. வீட்டில் பேசாத துயரமாக அது இருக்கலாம். சாதிச் சான்றிதழுக்காக அந்தக் குடும்பம் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கலாம். பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கினால் அவன் மறுபடி வாய் திறக்கமாட்டான். குடும்ப அட்டையைக் காட்ட வேண்டுமானால், வீட்டாரின் சம்மதத்தோடு பெயரும் படமும் மறைத்த நகலை ஆசிரியரே கொண்டு வரட்டும். வீட்டுக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். பழங்குடிப் பிள்ளைகளிடம் ‘உங்கள் சடங்கைச் சொல்லு’ என்று கேட்பதற்கும் இதே விதிதான்.

நேரம் இல்லை என்பது உண்மையான தடை. தினமும் விவாதம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, அதற்கு முந்தைய நாட்களின் காலைச் செய்திகளில் ஒன்றே ஒன்று. அதோடு ஓர் ஆவணம் சேர வேண்டும்: சட்டப் பிரிவு, விலை அறிவிப்பு, அரசாணை, ஒப்பந்தத்தின் ஒரு பக்கம். எப்போது, யார் முடிவெடுத்தார்கள், யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்ற கேள்விகளுக்கு மாணவர்கள் குழுவாக எழுதிய பிறகே பேச்சு. முன்கூட்டியே பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைச் சொல்லிவிட்டால் பெற்றோர் புகார் பாதியாகக் குறையும். அவர்களில் பலர் கூடவே உட்கார்ந்து கேட்கவும் வருவார்கள்.

இப்படி நடத்திய பாடவேளைகளின் குறிப்புகளை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். மாணவர், பெற்றோர் பெயர்கள் வேண்டாம். எந்தச் செய்தி, எந்த ஆவணம், எந்தக் கேள்வியில் வகுப்பு நின்றுபோயிற்று, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். கோத்தகிரி, கூடலூர், வால்பாறை வட்டாரங்களிலிருந்து வருபவற்றை முதலில் வெளியிடுவோம்.